வருஷம் இல்லாத காசு

"வீடு தங்கச்சிக்கு. தோட்டம் தங்கச்சிக்கு. எனக்கு இது."

மெக்கானிக் அந்தக் காசைக் கண்ணாடி மேஜையில் வைத்தார். வைத்தார் என்ன, விட்டெறிந்தார். அது உருண்டு விழுவதற்குள் பழைய நாணயக் கடை அம்மாள் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார்.

பக்கத்தில் நின்ற மனைவி விளக்கம் சொன்னாள். காதல் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து மாமனார் மகனோடு பேசவே இல்லையாம். யாராவது கேட்டால், எனக்கு ஒரே பிள்ளை, அதுவும் பெண் என்பாராம். போன மாதம் போய்ச் சேர்ந்தார். அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார் என்று, அவர் சட்டைப்பையில் இருந்த இந்தக் காசை நாத்தனார் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"போற போக்குல ஒரு நக்கல்," என்றார் மெக்கானிக்.

ஆனாலும் காசில் வருஷம் இல்லை. அச்சில் பிழையான காசுக்கு நல்ல கிராக்கி என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். விலை போனால், அப்பா நமக்கும் ஏதோ கொடுத்தார் என்று ஆகும். அந்த ஆசையை மட்டும் அவர் வெளியே சொல்லவில்லை.

அம்மாள் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, காசை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பிழை இல்ல தம்பி. அச்சு தேஞ்சிருந்தா பக்கத்து எழுத்தும் கலங்கித் தெரியும். இதுல எழுத்தெல்லாம் கூரா இருக்கு. வருஷம் இருந்த இடம் மட்டும் குழிஞ்சு வழவழன்னு ஆயிருக்கு."

"அப்படின்னா?"

"விரல் பட்டுத் தேஞ்சது. அந்த ஒரு இடத்தையே யாரோ காலங்காலமா தடவிக்கிட்டே இருந்திருக்காங்க. விலை ஒண்ணும் தேறாது."

"அந்த மனுஷன் கொடுத்தது வேற எப்படி இருக்கும்?" மெக்கானிக் சிரித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. எந்த வருஷத்துக் காசு என்றாவது தெரியுமா என்றாள்.

அம்மாள் காசைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு பறவை பொறித்திருந்தது. அதன் வாலில் மூன்றே இறகு. அப்படி அடித்தது ஒரே ஒரு வருஷம்தான், அடுத்த வருஷமே நாலாக்கிவிட்டார்கள் என்றார்.

"எழுபத்தி நாலு."

வாசலில் மெக்கானிக் நின்றுவிட்டார். திரும்பவில்லை.

மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்.

"இவர் பொறந்த வருஷம்மா."