சண்டியனின் கோட்டை

“வாளால வெட்டினா இவனுக்கு நோகாது மச்சான். மனசுல எங்க நோகுமெண்டு தேடு” என்றான் டெஸ்மன்ட், பழைய ஃபோன் ஒன்றின் முதுகைக் கழற்றியபடி.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டெஸ்மன்டின் ஃபோன் கடைதான் அஸ்கிக்குப் போர்க்களம். ஃபோனில் விளையாடும் கோட்டைச் சண்டை அது. ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை. நடுவில் எதிரியை எழுதித் திட்டவும் இடம் உண்டு. அஸ்கிக்கு அங்கே பெயர் ‘சுல்தான்’. கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய கோட்டை அவனுடையது. அதை அடிக்கடி இடித்துத் தரைமட்டமாக்குகிறவன் ‘சண்டியன்’. யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அசர் தொழுகை முடிந்ததும் வருவான், அடிப்பான், போய்விடுவான்.

இன்றைக்குக் கடைசிச் சண்டை. தோற்றவர் கோட்டையை அழித்துவிட்டு விளையாட்டை விட்டே போக வேண்டும் என்று பேச்சு. அந்தக் கவலையில் அஸ்கிக்குப் பகல் சோறும் இறங்கவில்லை.

“ஊட்டுல நிம்மதியா இருந்து விளையாடலாமே?” என்று கேட்டான் டெஸ்மன்ட்.

“மாமி மௌலவிட பயான் கேக்கிற ஊடு மச்சான். அங்க வாள் சத்தம் கேட்டா என்ட மரியாத என்னாகும்?”

டெஸ்மன்ட் சிரித்தான். ஒரே கூரையின் கீழ் இருந்தும் மாமியும் மருமகனும் இதுவரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். எதுவென்றாலும் கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மகள் முஸ்பிறா வழியாகத்தான் வரும்.

சண்டியன் வந்துவிட்டான்.

“என்ன சுல்தான், இன்னும் ஓடல்லையா?”

“பயந்தாங்கொள்ளி” என்று எழுதினான் அஸ்கி.

“ஹா ஹா” என்று வந்தது.

அஸ்கி அவனுடைய படையைப் பழித்தான், பரம்பரையைப் பழித்தான். எல்லாவற்றுக்கும் அதே ஹா ஹா. இதற்குள் அஸ்கியின் வடக்குச் சுவர் பொலபொலவென்று சரிந்தது. அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது.

“முந்தி அவன் எழுதினதெல்லாத்தையும் ஒருக்காத் திருப்பிப் பாரு” என்று டெஸ்மன்ட் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

இருவரும் தேடினார்கள். ‘கொஞ்சம் பொறு, அடுப்பில மீன் ஆணம் கொதிக்கிது’ என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில், ‘நாள் முழுக்க ஆக்கிப் போடுறன், தின்னுறவங்க வாய் துறந்து ஒரு சொல்லுச் சொல்ல மாட்டாங்க.’

டெஸ்மன்ட் மேசையில் ஓங்கித் தட்டினான். “ஆள் ஹோட்டல்ல சமைக்கிற கோக்கி மச்சான்! வெள்ளக்காரன் வந்து தங்கிற பொத்துவில் பக்கம்தான் இருப்பான். அவங்களுக்கு ஆக்கிப் போட்டும் ஒருத்தனும் நல்லாரிக்கி எண்டு சொல்லல்ல. அந்த ஆத்திரத்ததான் உன்ட கோட்டையில காட்டுறான். அங்க அடி!”

அஸ்கிக்கு அந்தக் கோக்கி கண் முன்னால் தெரிந்தான். முறுக்கு மீசை, சரிந்த தொப்பை, கையில் அகப்பை. பாவமாகத்தான் இருந்தது. விழுந்து கிடந்த வடக்குச் சுவரைப் பார்த்தான். இரக்கம் பறந்துவிட்டது.

“ருசியா இருந்தா வாய் துறப்பாங்கதானே?” என்று எழுதினான்.

ஹா ஹா வரவில்லை.

“மரியாதைக்காக முழுங்கிறாங்க போல. உங்கட ஆணத்தப் பூனையும் மோந்து பாத்துட்டுப் போயிரும்.”

சண்டியனின் வாள்கள் அப்படியே நின்றன. பிறகு வந்தது: “நீ ஆருடா என்ட ஆணத்தப் பத்திக் கதைக்க?”

கூடவே முழுப் படையும் வெளியே பாய்ந்தது. காவலுக்கு நின்றவன்கூட வாளோடு ஓடி வந்தான். வந்த கோபத்தில் சண்டியன் கோட்டைக் கதவைச் சாத்த மறந்துபோனான். அஸ்கியின் குதிரைகள் பின்பக்கமாகச் சுற்றி உள்ளே போய்க் கொடியைப் பிடுங்கின. ஃபோனில் வெற்றி மேளம் முழங்கியது.

வென்றவன் வாய் சும்மா இருக்குமா? “கோட்டதான் போச்சு, கொடியயாவது சுருட்டி வைங்க” என்று எழுதிவிட்டுத்தான் அஸ்கி ஓய்ந்தான். சண்டியன் என்ற பெயர் அணைந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நண்டு மணத்தது. பகல் பட்டினி வயிற்றைக் கிள்ளியது. முஸ்பிறா பாய் விரித்துச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

“உம்மா இண்டைக்கு ஆரோ சவால் விட்ட மாதிரி நிண்டு நண்டாணம் ஆக்கிரிக்கா” என்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “நீங்க என்ன, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீங்க?”

அஸ்கியால் அடக்க முடியவில்லை. குரல் திரையைத் தாண்டிப் போகும் என்பதும் மறந்துபோயிற்று.

“ஃபோன் சண்டையில ஒரு கோக்கிய விழுத்திட்டன் புள்ள! அவன்ட ஆணத்தப் பூனையும் மோந்து பாத்துட்டுப் போகுமெண்டு எழுதினன். ஆளுக்கு வந்ததே கோவம்! கோட்டக் கதவத் துறந்து போட்டுட்டு ஓடி வந்தான்!”

திரைக்கு வெளியே நீண்டு வந்த நண்டாணக் கோப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல உள்ளே போயிற்று.

“மகள், மருமகனுக்குச் சொல்லு” என்றது மாமியின் குரல். “ஆணந்தான் போச்சு, பாயயாவது சுருட்டி வைக்கட்டுமாம்.”