கம்பனிக்காரி வேஷம்

2004 டிசம்பரில், நத்தார் விழாவுக்கு ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத் தமிழர் நாடகம் போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகக் கம்பனி நடத்தி, தானே நடித்த ஒரு ஜெர்மன்காரியின் கதை.

“கம்பனிக்காரி வேஷம் பேர்பெச்சுவா அக்காவுக்கு,” என்றாள் நாடகத்தைப் பழக்கும் லவினியா.

“அது ஏலாது!” பேர்பெச்சுவாவின் புருசன் ஜேசுரட்ணம் எழும்பினார்.

பேர்பெச்சுவாவுக்கு முகம் சுண்டிப்போனது.

“அந்தக் காலத்திலேயே அவள் மேடை ஏறினவள். இப்ப நான் ஏறினால் உங்கட மானம் போயிடுமோ?”

“இஞ்சாரும், மானத்தை ஆர் கதைச்சது?” அவர் பையிலிருந்து நீளச் சவரிமுடியை எடுத்தார். “மன்னார்க் கூத்தில இருபது வருஷம் நான்தான் ராணி. பொம்பிளை வேஷத்துக்கு என்னை ஏன் ஒருதரும் கேக்கேல்லை?”

பேர்பெச்சுவா சவரிமுடியை வாங்கித் தன் கொண்டையில் செருகினாள்.

“இருபது வருஷம் ஆண்டது காணும், மகாராணி. கீழ இருந்து எனக்கு வசனம் எடுத்துக் குடுங்கோ.”