நாளைக்கு ஒரு நாள் லீவு

"யுவஸ்ரீ மட்டும் நாளைக்கு வரலைன்னா நாம தப்பிச்சோம் சார்."

கணக்கு டீச்சர் சரிதா குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். தலைமையாசிரியர் குருமூர்த்தி மாதிரித் தேர்வுத் தாள்களைப் புரட்டினார்.

அந்த நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் மொத்தமே பதினோரு பிள்ளைகள். நாளைக்கு அவர்களுக்கு அடைவுத் தேர்வு, பிள்ளைகளின் சராசரியை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துகிற தேர்வு. கேள்வித்தாள் மேலிடத்திலிருந்து வரும், நடத்துவதற்கு ஆள் வெளியிலிருந்து வருவார். போன முறை ஒன்றியத்திலேயே கடைசி இடம். அதிகாரிகள் கூட்டத்தில், அத்தனை தலைமையாசிரியர்களுக்கு நடுவில் குருமூர்த்தியை மட்டும் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். வருகிற மே மாதம் ஓய்வு பெறப் போகிற மனிதர். இன்னொரு முறை அப்படி நிற்க அவருக்குத் தெம்பில்லை.

"அம்பதுக்கு ஏழா! இதென்ன டீச்சர்? ஒரு அட்டையில பன்னெண்டு முட்டை, அஞ்சு அட்டையில எத்தனைன்னு கேட்டா, அறுபதை விட்டுட்டு நூத்தம்பதுக்கான வட்டத்தைக் கறுப்பாக்கி வச்சிருக்கா?"

"நானும் கேட்டேன் சார். 'முட்டை அட்டைன்னா முப்பதுதானுங்க டீச்சர், கேள்விதான் தப்பு'ன்னு எனக்கே பாடம் நடத்தறா."

குருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பிள்ளைதான். தினமும் முதல் ஆளாக வந்து வகுப்பறைக் கதவைத் திறந்து வைக்கிற பிள்ளை. ஆனால் பதினோரு பேரின் சராசரியைக் கீழே இழுக்க அவள் ஒருத்தி போதும்.

"சரி, புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? சாயங்காலம் அவங்கம்மாகிட்ட நானே பேசிக்கறேன்."

அவர் போனபோது யுவஸ்ரீயின் அம்மா கலைமணி, கோழிப்பண்ணை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தியவரைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு அவசரமாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"வாங்க சார், வாங்க! ஏனுங்க, நீங்களே ஊடு தேடி வந்திருக்கறீங்க!"

"ஒண்ணுமில்லம்மா, நாளைக்குப் பரீட்சை..."

"தெரியுமுங்க சார். நாளைக்கு ஒரு மணி நேரம் லேட்டாத்தான் வாரேன்னு பண்ணையில சொல்லிப்போட்டேன். நானே கொண்டாந்து உடறேனுங்க."

குருமூர்த்தி கனைத்துக்கொண்டார்.

"அதில்லம்மா. பாப்பா ரெண்டு நாளா கொஞ்சம் சோர்வாத் தெரியுது..."

"அட, அவளுக்கென்னங்க! வெயில்ல ஆடிக் கறுத்துட்டா, அவ்வளவுதான். யுவா, இங்க வா கண்ணு! சாரு உன்னையப் பார்க்கத்தான் வந்திருக்காரு."

யுவஸ்ரீ ஒரு நோட்டோடு ஓடி வந்தாள். எருமப்பட்டிக் கடையில் வாங்கிய இரண்டு கறுப்புப் பேனாக்களைக் காட்டினாள். பிறகு நோட்டைத் திறந்தாள். பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன வட்டங்கள், எல்லாம் உள்ளே கறுத்தவை.

"கோட்டைத் தாண்டாம கறுப்பாக்கப் பழகிட்டேனுங்க சார்."

ஒன்றுகூடத் தாண்டவில்லை. குருமூர்த்தி இன்னும் இரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். ஆனாலும் வந்த வேலை இருக்கிறதே. அவள் உள்ளே போனதும் மறுபடி ஆரம்பித்தார்.

"படிப்புல கொஞ்சம் மெதுவா இருக்கறா. அதனால நாளைக்கு மட்டும்..."

"மெதுவுதானுங்க சார்," என்று கலைமணி இடையில் புகுந்தாள். "அவங்கப்பாரு லாரியில நாக்பூர் தாண்டிப் போயிட்டிருக்காரு. புள்ளைக்குப் பெரிய பரீட்சைன்னு போன்ல சொன்னேன். கூட வர்ற கிளீனர்கிட்டயெல்லாம் சொல்லி ஒரே பெருமைங்க. இப்ப வாத்தியாரே ஊட்டுக்கு வந்து கூப்புட்டாருன்னு சொன்னா, மனுசனுக்குத் தலைகால் புரியாது!"

இதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது? சூதுவாது தெரியாத இந்தப் பெண்ணிடம் வந்த விஷயத்தைச் சொன்னால், சொன்ன நாக்கு கூசும். கடைசி இடமென்றால் கடைசி இடம். போய் நின்றுவிட்டு வரலாம், என்ன குறைந்துவிடும்? அப்படி நினைத்ததும் அவருக்கு மனசு லேசாகிவிட்டது.

"யுவா!" என்று கூப்பிட்டு, வந்தவளின் தலையில் கை வைத்தார். "பன்னெண்டுன்னு போட்டிருந்தா பன்னெண்டுதான், தெரிஞ்சுதா? கேள்வி எழுதினவரு நாமக்கல் முட்டை அட்டையைப் பார்த்ததே இல்ல, பாவம்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"காலையில ஒன்பது மணிக்கு நீ அங்க இருக்கணும். நீ வராம பரீட்சை இல்ல."

வண்டியைக் கிளப்பப் போனவரின் பின்னாலேயே கலைமணி சாலை வரைக்கும் வந்தாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"என்னை உங்களுக்கு அடையாளம் தெரியலைங்க. எங்கம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்துல நீங்க வேலை பார்த்தப்போ, எட்டாவது உங்ககிட்டத்தானுங்க படிச்சேன்."

குருமூர்த்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். முப்பத்து நாலு வருட சர்வீஸில் எத்தனை முகங்கள்!

"ஆபீசருங்க ஆய்வுக்கு வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க ஊட்டுக்கும் வந்தீங்க சார். 'நாளைக்கு ஒரு நாள் பாப்பா லீவு போடட்டும்'னீங்க, எங்கம்மா சரின்னுட்டா."

கலைமணியின் குரலில் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அதானுங்க சார், இன்னைக்கு நான் உங்களை வாயைத் தொறக்கவே உடலை."