வேலிக்கு அந்தப் பக்கம்

மொன்செராட் தீவில் நான் பிறந்த தெரு எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடக்கிறது. இல்லாத தெருவை எதற்கு வரைகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. இருந்தும் என் முதல் கண்காட்சியில் எங்கள் வீட்டு மாமரத்தைத்தான் வரைந்து மாட்டினேன். அதில் பன்னிரண்டு காய்கள்.

பழைய பக்கத்து வீட்டுக்காரி மிஸ் ஐசில்மா வந்ததும் முறைத்தார்.

“அந்தக் கிளை எங்க வேலிக்குள்ளதானே தொங்கும்? காய் எங்களுதுடீ!”

“இன்னும் அதே சண்டையா? நல்லா பாருங்க மிஸ், உங்க பக்கம்தான் தொங்குது.”

கிட்டே போய்ப் பார்த்தார்.

மாலையில் கூடத்தைப் பூட்டுமுன் படத்துக் காய்களை எண்ணினேன். பதினொன்று.

வாசல் படியில் மிஸ் ஐசில்மா மாங்காயை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அதே புளிப்பு! ஜெயிச்சுட்டடீ!”

உள்ளே, படத்தில் வெறுமையாக நின்ற காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.