நெற்றிச் சாம்பல்

“என் தம்பிய எங்கிட்டருந்து பிரிச்சது நீதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, சொல்லுட்டி!”

நாத்தனார் லூர்தம்மாள் கத்தினாள். ஒரு சுடுசொல் விழுந்தால் போதும், வீடு இரண்டாகிவிடும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, பிலோமி மந்திரித்த குருத்தோலையில் ஒரு துண்டு கீறி, சிலுவையாக மடித்தாள். சாம்பல் புதன் வரை கடுஞ்சொல் பேசுவதில்லை என்று போன குருத்தோலை ஞாயிறன்று அவள் நேர்ந்துகொண்டது இது. அடக்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிலுவை. ஜன்னல் கம்பியில், அரிசிப்பானையில், தலையணைக்கடியில் எல்லாம் சிலுவைகள்.

சாம்பலாக்கப் பழைய ஓலை கேட்டுக் கோயிலிலிருந்து ஆள் வந்தபோது, அந்தச் சிலுவைகளையெல்லாம் சேர்த்துக் கூடையோடு எடுத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை பூசையில் சாமியார் லூர்தம்மாளின் நெற்றியில் அந்த ஓலைச் சாம்பலைப் பூசினார். அவள் நகரவில்லை. தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்து நெடுநேரம் நின்றாள். முகம் வெளுத்தது, பிறகு மெல்லக் கனிந்தது. திரும்பி, பின்னால் நின்ற பிலோமியின் கையைப் பிடித்தாள்.

“இம்புட்டையுமாட்டி உள்ள வச்சிருந்த? சொல்லியிருக்கலாம்லா?”

சாமியாரின் கட்டைவிரல் இப்போது பிலோமியின் நெற்றியை நெருங்கியது. நேர்ச்சை முடிந்துவிட்டது. அவள் வாய் திறந்தாள்.

என்ன சொல்லியிருப்பாள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?