விசாரிக்க வேண்டிய ஆள்

முந்தாநாளிலிருந்து காண்ட்ராக்டரைக் காணவில்லை. காவல் நிலைய பெஞ்சில் கொத்தனாரை உட்கார வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வெயில் கம்பி கம்பியாக அவர் காலில் விழுகிறது. "பயப்படாதய்யா, உன்னைக் குற்றவாளின்னு யாரு சொன்னா? விசாரிக்க வேண்டிய ஆள், அவ்வளவுதான்," என்று ஏட்டு சிரிக்கிறார். கொத்தனார் விரலிடுக்கில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டுகிறார். "சார், நேத்துப் போட்ட தரை காயுது. தண்ணி ஊத்தலேன்னா வெடிச்சிடும். ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்." ஏட்டின் சிரிப்பு நிற்கிறது. எழுதிக்கொண்டிருந்த பேனாவும் நிற்கிறது. "நீயாவது போய் ஊத்திடு," என்று கொத்தனார் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் சொல்கிறார். இருபது வருஷமாக அவர் போட்ட தரைகளுக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவள் அவள். எழவில்லை. பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "நேத்து மட்டும் ஏங்க என்னை வேலைக்கு வர வேண்டாம்னீங்க?"