அலறாத பேய்

"இந்தப் படத்துல பேய் ஒரு தடவைகூட அலறாது சார். அதுக்குத்தான் வர்றோம்!"

தியேட்டர் வரிசையில் நின்ற கோவிந்தன் இப்படிச் சொன்னதும் இயக்குநர் ஜாய்சன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் வெளியான நாளிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை இதுதான்.

'புளியமரத்து மாப்பிள்ளை' என்பது படத்தின் பெயர். செத்துப்போன பெண் ஒருத்தி புளியமரத்திலிருந்து இறங்கி வந்து தபால்காரனைக் காதலிக்கிறாள். சிரிக்கவும் வைக்கிறாள் என்று ஜாய்சன் நம்பியிருந்தார். விமர்சகர்கள் வறுத்தெடுத்துவிட்டார்கள். 'பேய்க்குப் பயமும் வரவில்லை, காமெடிக்குச் சிரிப்பும் வரவில்லை' என்று ஒரு பத்திரிகை எழுதியது. 'பேயைவிட நாயகன் மெதுவாகப் பேசுகிறான், அவனைவிட மெதுவாகக் கேமரா நகர்கிறது' என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். சென்னையில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பெங்களூரில், ஸ்ரீராம்புரத்துப் பழைய தியேட்டரில் மட்டும் காலைக் காட்சி தினமும் ஹவுஸ்ஃபுல். நம்ப முடியாமல் ஜாய்சன் நேரிலேயே வந்துவிட்டார்.

வரிசை தெருமுனை வரை நின்றது. பாதிக்கு மேல் பீன்யா தொழிற்சாலைச் சீருடை. ஆளுக்கொரு பை. எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. போன தடவை பார்த்து அழுத அழுகை இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"யாரு சார் எண்ணறது? ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல" என்றார் கோவிந்தன்.

"எந்த சீன் ரொம்பப் பிடிச்சுது?"

கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "ஆரம்பம் சார். லைட்ட அணைச்சதும் ஒரு மழை பெய்யுமே, அப்படியே உடம்பு கரைஞ்சு போயிடும்."

"அந்த மழையில பேய்ப் பொண்ணு ஒரு பாட்டு முணுமுணுக்குது பாருங்க" என்று பேச்சில் புகுந்தார் ஆஸ்பத்திரி ஆயா ஆஞ்சலா. "அந்தப் பாட்டை இதுவரைக்கும் நான் முழுசா கேட்டதே இல்ல சார். அவ்ளோ நல்லா இருக்கும்."

"அழுகை வந்துடுமா?"

"என்னென்னமோ வரும் சார்."

"சரி, கிளைமாக்ஸ்?"

வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"அதைச் சொன்னா பின்னாடி நிக்கிறவங்களுக்கு சுவாரசியம் போயிடும்ல சார்" என்றார் கோவிந்தன்.

பொறுப்பான ரசிகர்! ஜாய்சன் சிலிர்த்துப்போய் தியேட்டர் மேனேஜர் பத்ரிநாத்திடம் திரும்பினார்.

"இன்டர்வெல்ல ஒரு ஆள் எழுந்து வெளிய வர்றதில்ல சார். கேன்டீன்காரர் பஜ்ஜி போடறதையே விட்டுட்டார்" என்றார் பத்ரிநாத்.

"அவ்வளவு ஒன்றிப்போயிடறாங்களா?"

பத்ரிநாத் எதையோ நினைத்துக்கொண்டவர்போல இருமினார்.

"சாயங்கால ஷோ எப்படி?"

"ஈ ஓட்டறோம் சார்."

சாயங்காலம் வருகிறவர்களுக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டினார் ஜாய்சன்.

அப்போதுதான் தயாரிப்பாளரின் போன் வந்தது.

"விமர்சகருங்க சொன்னபடி படத்தை வெட்டி ஒட்டியாச்சு ஜாய்சன். பேய் சும்மா கத்து கத்துன்னு கத்துது. டிரம்ஸ் வச்சு ரெண்டு குத்துப்பாட்டும் சேர்த்திருக்கேன். நீ சரின்னா நாளைக்கே அனுப்பறேன், அடுத்த படமும் உனக்குத்தான். மாட்டேன்னா வேற டைரக்டரைப் பாத்துக்கறேன்."

ஜாய்சன் போனைக் கையால் பொத்திக்கொண்டு வரிசையைக் கேட்டார். "நாளையிலேர்ந்து பேய் அலறினா உங்களுக்குச் சம்மதமா?"

"ஐயய்யோ!" என்று மொத்த வரிசையும் அலறியது.

ஆஞ்சலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார். வீட்டுல சத்தம், தெருவுல சத்தம், தலைக்கு மேல மெட்ரோ சத்தம். இங்க வந்தாத்தான் சார் கொஞ்சம் மனசு அடங்குது. அதையும் பிடுங்கிடாதீங்க."

"விமர்சனம் எழுதறவங்களுக்கு இன்னா தெரியும் குரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவங்க வீட்டுல ஏசி இருக்கும்!"

ஜாய்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார். "மன்னிச்சுடுங்க சார். மக்கள் தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஒரு அலறல்கூட சேர்க்க விட மாட்டேன். அடுத்த படம் போனா போகட்டும்!"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. வரிசை கைதட்டியது. கோவிந்தன் தன் கைக்காசில் டிக்கெட் எடுத்து இயக்குநரை உள்ளே அழைத்துப்போய்த் தன் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தார்.

தன் படத்தை ஒரு முழு அரங்கத்தோடு ஜாய்சன் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை. 

விளக்குகள் அணைந்தன. திரையில் மழை பெய்தது. அரங்கம் முழுக்கச் செருப்புகள் கழன்றன, பைகள் திறந்தன. முன்வரிசையில் ஆஞ்சலா ஒரு காற்றுத் தலையணையை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஸ்வல்ப, சின்னதா ஒரு உதவி சார்" என்றார் கோவிந்தன், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. "படம் முடிஞ்சதும் எழுப்பி விடுங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றோம், தானா முழிப்பு வராது."